அசோலா: மிதக்கும் சந்தேகங்கள்

அசோலா பாசிதானே?

இல்லை. சில ஊர்களில் கம்மல் பாசி என்று சொன்னாலும் இது தண்ணீரில் மிதக்கும் பெரணி இனம்; தீவனத்துக்கும் வயல் உரத்துக்கும் வளர்க்கிறோம். பூக்காது. இலைக்குள் இருக்கும் குழியில் நீலப்பச்சைப் பாசி ஒன்று குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துக் கொடுக்கிறது. அந்த வகையில் பெயரில் பாதி உண்மை இருக்கிறது.

தொட்டியில் போட்டது சிவந்துவிட்டது. நோயா?

பெரும்பாலும் இல்லை. உச்சி வெயில், குளிர், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு, இந்த மூன்றில் ஏதாவது வாட்டினால் சிவக்கும். தொட்டியில் இடமில்லாமல் நெருங்கினாலும் வாடும். சித்திரை வெயிலில் சிவந்தால் முதலில் நிழல்வலை கட்டுங்கள், தென்னங்கீற்றும் போதும். நாலைந்து நாளில் புதுத்தளிர் பச்சையாக வரவில்லை என்றால் கரைத்த சாணத்தோடு மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட் கொஞ்சம் சேருங்கள். யூரியா வேண்டாம், தழைச்சத்தை அதுவே தேடிக்கொள்ளும்.

மாட்டுக்குத் தினம் 2 கிலோ அசோலா போட்டால் புண்ணாக்கை நிறுத்தலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. 25 சதவீதம் புரதம் என்று விளம்பரத்தில் படித்திருப்பீர்கள். அது காய்ந்த எடைக்கான கணக்கு. பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 2 கிலோவை உலர்த்தினால் மிஞ்சுவது சுமார் 120 கிராம். அதில் புரதம் 30 கிராம். கடலைப் புண்ணாக்கில் அதே புரதம் 75 கிராமிலேயே, அதாவது ஒரு கைப்பிடியிலேயே கிடைத்துவிடும். கோழிக்கும் மாட்டுக்கும் நல்ல துணைத்தீவனம், சரி. புண்ணாக்கு மூட்டைக்கு மாற்று என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

சாண வாடைதான். சல்லடையில் கொட்டி இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, தவிட்டோடு பிசைந்து கொஞ்சமாக ஆரம்பியுங்கள்.

நடவு வயலில் மிதந்தாலே உரமாகிவிடுமா?

மிதக்கும்வரை சத்து அதனுள்ளேயே இருக்கும். செத்து மட்கினால்தான் பயிருக்குக் கிடைக்கும். நீர்ப்பரப்பு மூடியதும் தண்ணீரை வடித்துவிட்டு, களையெடுக்கும்போது கோனோவீடரால் (கையால் தள்ளும் களைக் கருவி) சேற்றில் அமுக்கிவிடுங்கள். மிச்சம் ஒட்டியிருப்பது தானாகவே மறுபடி பரவும்.

மீதியை ஊர்க் குளத்தில் விடலாமா?

கூடாது. அங்கே அள்ள ஆளிருக்காது. போர்வையாக மூடினால் வெளிச்சமும் காற்றும் கீழே போகாமல் மீன் மூச்சுமுட்டும். எருக்குழியில் கொட்டுங்கள்.