அம்மாவின் மூன்றில் ஒரு பங்கு 0.32 ஆகுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறோம். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அவருடைய பெற்றோர் முன்பே தவறிவிட்டார்கள். வீட்டை விற்று, கடன், வக்கீல் செலவு எல்லாம் போக 437,260 ரிங்கிட் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகள் நால்வருக்கும் சமமாக என்று வக்கீல் சொன்னார். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் எக்செல்லில் அம்மாவுக்கு 0.33, எங்களுக்கு ஆளுக்கு 0.17 என்று போட்டார். கூட்டினால் 1.01 வருகிறது. "அம்மா பங்குதானே பெரிசு, அதில் குறைத்து 0.32 ஆக்கிவிடலாம்" என்கிறார். சண்டை போட மனமில்லை. இப்படிச் செய்வது சரியா?

பதில்: சரியில்லை. அண்ணன் மனதில் கள்ளம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தியதால் வந்த வினை இது. ஆனால் அதற்கான விலையை அம்மா ஒருவர் மட்டும் கட்டக் கூடாது.

0.32 என்று போட்டால் அம்மாவுக்குக் கிடைப்பது 139,923.20 ரிங்கிட். அவருக்குச் சேர வேண்டியது 145,753.33. குறைவது 5,830 ரிங்கிட்டுக்கு மேல். அந்தப் பணம் வேறெங்கும் போகவில்லை, உங்கள் நால்வரின் கணக்கிலும் ஆளுக்கு 1,457 ரிங்கிட்டாக ஏறிவிடுகிறது. அம்மாவுக்கு அது பல மாத மருந்துச் செலவாக இருக்கலாம்.

வக்கீல் சொன்னது சரியான பங்குதான். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி இறந்தால் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி சொத்து பிரியும். இறந்தவருக்குப் பெற்றோர் இல்லை, மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் மனைவிக்கு 1/3, பிள்ளைகளுக்கு 2/3. நால்வர் என்பதால் ஆளுக்கு 1/6. சட்டம் பங்கைப் பின்னமாகத்தான் சொல்கிறது. தசமத்துக்கு மாற்றியது நாம்தான்.

மாற்றும்போது என்ன நடந்தது என்று பாருங்கள். 1ஐ 6ஆல் வகுத்தால் 0.16666... என்று முடியாமல் ஓடும். 0.17 என்று நிறுத்தினால் கொஞ்சம் கூடிவிடுகிறது, அதுவும் நான்கு தடவை. 1/3 என்பது 0.33333... அதை 0.33 என்று நிறுத்தினால் கொஞ்சம் குறைகிறது, ஒரே தடவை. கூடியதில் குறைந்தது போக மிஞ்சியதுதான் அந்த 0.01. ஆக, 0.33 என்று எழுதியபோதே அம்மாவின் பங்கு குறைந்துவிட்டது. கூடுதலாக நின்றது உங்கள் 0.17தான். குறைந்த இடத்திலேயே இன்னும் குறைக்கச் சொல்கிறார் அண்ணன்.

எல்லாப் பின்னமும் இப்படித் தொல்லை தராது. சுருக்கிய பின்னத்தின் கீழ் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2, 5 மட்டுமே வரும் என்றால் தசமம் சுத்தமாக முடிந்துவிடும்: 1/4 என்பது 0.25, 1/8 என்பது 0.125. நம் பழைய வாய்ப்பாட்டின் கால், அரைக்கால், மாகாணி எல்லாம் இந்த வகைதான். மாகாணி, அதாவது 1/16, சரியாக 0.0625. கீழே 3, 6, 7, 12 வந்தால் முடிவே இல்லை. அப்பாவின் தாயோ தந்தையோ அவர் இறந்தபோது உயிரோடு இருந்திருந்தால், அம்மாவுக்கு 1/4, அவர்களுக்கு 1/4, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1/8 என்று ஆகியிருக்கும். தசமத்தில் போட்டாலும் ஒரு சென் பிசகியிருக்காது.

இரண்டு இலக்கத்துக்குப் பதில் நான்கு போட்டால் போதுமா என்றால், போதாது. 0.1667 என்று போட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னும் 14 ரிங்கிட் கூடுதல் போகும். இந்தத் தொகைக்குச் சென் வரை சரியாக வர 0.16666667 என்று எட்டு இலக்கம் வேண்டும். எதற்கு அந்த வம்பு? தசமத்தை விட்டுவிட்டு, மொத்தத்தை ஆறு பங்காக்குங்கள். 1/3 என்பதும் 2/6 என்பதும் ஒன்றுதான், அதனால் அம்மாவுக்கு இரண்டு பங்கு, உங்களுக்கு ஆளுக்கு ஒன்று. ஒரு பங்கு 72,876.67 ரிங்கிட். அம்மாவுக்கு 145,753.33. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சென் அதிகம் வரும், பிள்ளைகளில் ஒருவர் 72,876.66 வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

எக்செல்தான் வேண்டும் என்று அண்ணன் சொன்னால், கட்டத்தில் =1/6 என்று சமக்குறியோடு அடிக்கச் சொல்லுங்கள். திரையில் 0.17 என்று தெரிந்தாலும் உள்ளே 0.16666... என்று நீளும் எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடும். சமக்குறி இல்லாமல் 1/6 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும், கவனம்.

அப்புறம், பணத்தைப் பிரிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வீட்டுப் பட்டாவில் அப்பா பெயர் மட்டும் இருந்ததா, அம்மா பெயரும் இருந்ததா? இருவர் பெயரிலும் பாதிப் பாதி என்று இருந்திருந்தால், அப்பாவின் பாதி மட்டுமே பங்கீட்டுக்கு வரும். அம்மாவின் சொந்தப் பாதி 1/2. அப்பாவின் பாதியில் மூன்றில் ஒன்று, அதாவது 1/6. இரண்டையும் சேர்த்தால் 4/6, அதாவது 2/3. கையில் இருக்கும் 437,260இல் அம்மாவுக்கு 291,506.67 ரிங்கிட், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1/12, அதாவது 36,438.33. பட்டாவின் நகல் வக்கீலிடம் இருக்கும். அதைப் பார்க்கும் வரை யாருக்கும் பணம் மாற்ற வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.