சீஸ்மிக் சர்வே சத்தத்தால் திமிங்கிலங்கள் சாகின்றனவா?

கேள்வி: கடலுக்கடியில் எண்ணெய், எரிவாயு தேட நடத்தும் சீஸ்மிக் சர்வேயின் சத்தம் திமிங்கிலங்களைக் கொல்கிறது என்கிறார்களே, உண்மையா?

சத்தம் பட்டதும் திமிங்கிலம் செத்து மிதந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2002-ல் கலிபோர்னியா வளைகுடாவில் ஒரு ஆய்வுக் கப்பல் ஏர்கன் (அழுத்திய காற்றைத் திடீரென வெளிவிட்டு ஒலி எழுப்பும் சர்வே கருவி) இயக்கிக்கொண்டிருந்த சமயத்தில் இரண்டு அலகுத் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. காரணம் அதுதான் என்று நிரூபிக்க முடியவில்லை. பலரும் எடுத்துக்காட்டும், 2000-ம் ஆண்டு பஹாமாஸில் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கிய சம்பவம் கடற்படை சோனார் (ஒலியை அனுப்பி நீர்மூழ்கியைத் தேடும் கருவி) சம்பந்தப்பட்டது. அது வேறு கருவி, வேறு அலைவரிசை. அதற்காக சர்வேயால் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பெரும்பகுதி பாதிப்பு கணக்கிலேயே வராது.

நான் சில காலம் சர்வே கப்பலில் வேலை பார்த்தவன். கப்பலுக்குப் பின்னால், நீர்மட்டத்திலிருந்து சில மீட்டர் ஆழத்தில், இருபது முப்பது ஏர்கன்களை இழுத்துக்கொண்டு போவோம். சதுர அங்குலத்துக்குச் சுமார் 2000 பவுண்டு அழுத்தத்தில் அடைத்த காற்றை எல்லாம் ஒரே நொடியில் வெளிவிடும். மேலே வெள்ளையாக நுரை பொங்கி அடங்குவதற்குள் ஒலி கீழே போய், கடல் தரையையும் துளைத்துப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு மிதந்துவரும் ஸ்ட்ரீமர் கேபிள்கள் அந்த எதிரொலியைப் பதிவு செய்யும். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒரு முறை இது நடக்கும், இரவு பகல் பார்க்காமல், வாரக்கணக்கில். படுக்கையில் சாய்ந்தால் இரும்புச் சுவர் வழியாக ‘தொம்’ என்று வரும். இரண்டு நாளில் பழகிவிடும். அப்புறம் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும்!

டெசிபல் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘260 டெசிபல், ராக்கெட்டை விட அதிகம்’ என்று வரும் பதிவுகளை அப்படியே நம்பாதீர்கள். நீருக்கும் காற்றுக்கும் டெசிபல் அளவின் அடிப்படையே வேறு. ஒப்பிட வேண்டுமானால் நீரின் எண்ணிலிருந்து ஏறக்குறைய 62-ஐக் கழிக்க வேண்டும். அது போக, அந்த 260 மொத்த ஏர்கன்களும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. கழித்த பிறகும் அது பெரிய சத்தம்தான். ஆனால் எனக்குக் கவலை தருவது உச்ச அளவைவிட, அது போய்ச் சேரும் தூரம்.

நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். தாழ்ந்த அலைவரிசை என்றால் எளிதில் தேயாது. அட்லாண்டிக்கின் நடுவே வைத்த நீரொலி வாங்கிகளில் 3000 கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த சர்வேயின் ஒலி பதிவாகியிருக்கிறது. தொலைவு கூடக் கூட ஒவ்வொரு ‘தொம்’மும் நீண்டு, இழுத்து, அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். நீலத் திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் ஒன்றையொன்று கூப்பிடுவது இதே அலைவரிசையில். பக்கத்து வீட்டில் நாள் முழுக்கச் சுவர் இடித்தால் நாம் போனில் பேசுவது எப்படி இருக்கும், அதுதான் அவற்றின் நிலை. ஆர்க்டிக்கில் வில்தலைத் திமிங்கிலங்கள் ஏர்கன் ஒலி லேசாகக் கேட்கும்போது அடிக்கடி கூப்பிட்டன. ஒலி ஏற ஏறக் குறைத்துக்கொண்டு, கடைசியில் வாயே திறக்கவில்லை.

மீன் விஷயத்தில் இன்னும் தெளிவான எண்ணிக்கை உண்டு. பாரென்ட்ஸ் கடலில் நார்வே ஆய்வாளர்கள் செய்து 1996-ல் வெளியிட்ட ஆய்வில், சர்வே தொடங்கியதும் காட், ஹாடக் மீன்பிடிப்பு சுற்றுவட்டாரத்தில் பாதியாகக் குறைந்தது. ஏர்கன் ஓடிய இடத்திலேயே இன்னும் மோசம். நிறுத்தி ஐந்து நாளாகியும் பழைய நிலை திரும்பவில்லை. மீன் செத்துப்போகவில்லை, இடத்தைக் காலி செய்துவிட்டது. வலை போடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மீனைவிடச் சிறிய உயிர்களுக்குப் போகப் போக விவகாரம் சிக்கலாகிறது. ஆஸ்திரேலிய ஆய்வுகளில், ஏர்கன் ஒலி பட்ட பாறை இறால்களின் சமநிலை உறுப்பு சேதமாகி, மல்லாக்கப் போட்டால் நிமிர்வதற்கே திணறின; ஒரு வருடம் கழித்தும் அது சரியாகவில்லை. 2017-ல் டாஸ்மேனியா அருகே ஒரே ஒரு ஏர்கனை வைத்துச் செய்த சோதனையில் 1.2 கிலோமீட்டர் வரை விலங்கு மிதவையுயிரிகள் (நீரோட்டத்தோடு மிதக்கும் நுண்ணிய விலங்குகள்) குறைந்தன, செத்தவற்றின் பங்கு இரண்டு மூன்று மடங்கானது. சரி, ஆனால் 2019-ல் நார்வேயில் அத்தகைய மிதவையுயிரிகளில் ஒன்றான ஒரு கோப்பிபோடு இனத்தை வைத்துப் பார்த்தபோது, பத்து மீட்டருக்குள்தான் குறிப்பிடத்தக்க பாதிப்பு தெரிந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் காட்டி வாதாடுபவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

இப்போது விதிமுறைகள். பல நாடுகளில் நடைமுறை ஒன்றுபோலத்தான்: சுற்றி 500 மீட்டருக்குள் திமிங்கிலம் தெரிந்தால் தொடங்கக் கூடாது; தொடங்கும்போதும் ஒவ்வொரு ஏர்கனாகச் சேர்த்து மெதுவாக ஏற்ற வேண்டும். இதற்கென்றே பைனாகுலரோடு பார்வையாளர்கள் நிற்பார்கள். ஒழுங்காகத்தான் வேலை செய்வார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அலையில் வெள்ளை நுரை கிளம்பிவிட்டால் அரை கிலோமீட்டரில் ஒரு முதுகைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இரவிலும் மூடுபனியிலும் நீரொலி வாங்கிதான் கதி; அதுவும் கூப்பிடாத திமிங்கிலத்தைக் காட்டாது. அலகுத் திமிங்கிலமோ ஒரு மணி நேரம்கூட மேலே வராமல் இருக்கும். 500 மீட்டர் வட்டம் காது கிழிவதைத் தடுக்கலாம். நூறு கிலோமீட்டர் தள்ளி நடக்கும் உரையாடலை அது என்ன செய்யும்?

ஏர்கனுக்குப் பதில் ஒலியை மெதுவாக, நீளமாக அனுப்பும் அதிர்வுக் கருவிகளைப் பல வருடமாகச் சோதிக்கிறார்கள். வழக்கமான கருவியாக இன்னும் அது மாறவில்லை. எனவே உங்கள் கையில் ஒரு சர்வேயின் சுற்றுச்சூழல் அறிக்கை கிடைத்தால், எத்தனை பார்வையாளர்கள் என்ற பக்கத்தைத் தள்ளிவிட்டு மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த மாதம், மொத்தம் எத்தனை நாள், அதே கடலில் அதே பருவத்தில் வேறு எத்தனை கப்பல்கள். மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முதலில் அதையே கேளுங்கள்.