புதுச்சேரி நிருபர் ஒருவர் டொராண்டோவில் எதைப் படிப்பது?

தங்கை, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். புதுச்சேரியில் பி.ஏ. முடித்து, ஒரு தமிழ் நாளிதழுக்குச் சில ஆண்டுகள் பகுதிநேர நிருபராக இருந்திருக்கிறீர்கள். இப்போது நிரந்தர வசிப்புரிமை பெற்றுக் கணவரோடு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்திருக்கிறீர்கள். கல்லூரியில் இரண்டு ஆண்டு இதழியல் பட்டயம் படிப்பதா, பட்டதாரிகளுக்கான ஓராண்டு மக்கள் தொடர்புச் சான்றிதழ் படிப்பதா என்று கேட்கிறீர்கள். உங்கள் ஆங்கிலம் போதுமா, ஊரில் பார்த்த வேலைக்கு இங்கே மதிப்பு உண்டா என்பவையும் உங்கள் கேள்விகள்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரி. இங்கே மக்கள் தொடர்பு படித்து, ஒரு சுகாதார அமைப்பின் செய்தித் தொடர்புப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்களுக்கு நான் சொல்வது மக்கள் தொடர்புச் சான்றிதழைத்தான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை விண்ணப்பம் போடும் முன்பே நீங்கள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் என் யோசனையால் உங்களுக்குப் பயன் இல்லை.

நம் ஊர்களில் பகுதிநேர நிருபரின் வேலை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். செய்தி அனுப்புபவரும் அவர்தான், பொங்கல் மலருக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் வாழ்த்து விளம்பரம் பிடிப்பவரும் அவர்தான். காலையில் கடை திறப்பு விழாவுக்குச் செய்தி எடுக்கப் போனவர், மாலையில் அதே கடைக்காரரிடம் விளம்பரத்துக்காகப் போய் நிற்பார். சில பத்திரிகையாளர் சந்திப்புகளில் பணம் வைத்த கவர் கொடுப்பதும் உண்டு. அரசு அலுவலகத்திலிருந்து வரும் செய்திக்குறிப்பை வரி மாறாமல் அனுப்பினாலும் யாரும் கேட்பதில்லை. இதற்காக அந்த நிருபர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். செய்திக்குக் கிடைக்கும் தொகை பெட்ரோலுக்கே போதாதபோது, விளம்பரக் கழிவில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ஆனால் இங்கே இதழியலும் மக்கள் தொடர்பும் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கங்கள். ஒருவர் ஒரே விஷயத்தில் இரண்டு பக்கமும் உட்கார முடியாது. நிருபராக இருந்தால் நீங்கள் வாசகருக்காகக் கேள்வி கேட்பவர். மக்கள் தொடர்பில் இருந்தால் ஒரு நிறுவனத்துக்காகப் பதில் சொல்பவர், அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு பதில் சொல்பவர். உங்கள் உறவினரின் உணவகத்தைப் பற்றி இதழியல் வகுப்புக்குக் கட்டுரை எழுதினால், எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். செய்திக்குறிப்பின் ஒரு பத்தியை அப்படியே எடுத்து உங்கள் பெயரில் கொடுத்தால், அது திருட்டு என்று கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக்கே போகும். வந்த புதிதில் இந்தக் கண்டிப்பு வலிக்கும். மேசையின் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் இரவில் நிம்மதியாகத் தூங்குவீர்கள் என்று முதலில் யோசியுங்கள். சம்பளக் கணக்கை அதற்குப் பிறகு போடலாம்.

மக்கள் தொடர்பு என்றால் நிறுவனத்தின் குறையை மூடி மறைக்கும் கலை என்று ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்களில் இரவில் இரசாயன நெடி வந்து குழந்தைகள் இருமுவதும், பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம் என்று மறுநாள் விளக்கம் வருவதும் கேட்டு வளர்ந்தவள் நான். என்ன கசிந்தது, யார் அளந்தார்கள், எங்கே போய்க் கேட்கலாம் என்ற எதுவும் அந்த விளக்கத்தில் இருக்காது. இங்கே நெருக்கடிக்காலத் தொடர்பு என்று ஒரு பாடம் உண்டு. உறுதியாகத் தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று சொல், அந்த மணிக்குத் தவறாமல் வந்து நில்: இவ்வளவுதான் அதன் சாரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நான் ஊரில் இருந்தேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன, மின்சாரம் வராமல் நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் என்றைக்கு, குடிநீர் லாரி எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் எல்லோரும் பதில் தேடினார்கள். அந்தப் பதிலை நேரத்தோடும் நேர்மையோடும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு தொழில் என்றும், அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்றும் தெரிந்தபோதுதான் இந்தத் துறையில் எனக்கு மனம் ஒன்றியது. புயலையும் வெள்ளத்தையும் களத்தில் பார்த்து எழுதிய நிருபர் அந்த வகுப்பில் யாருக்கும் சளைத்தவர் இல்லை.

ஆய்வு, திட்டம், தொடர்பு, மதிப்பீடு என்ற வரிசையில் ஒரு பிரச்சாரத்தை வகுப்பில் கட்டச் சொல்வார்கள். நான்காவது படியைப் பலரும் ஒப்புக்குச் செய்வார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எத்தனை பத்திரிகையில் வந்தது என்பதோடு நிறுத்திவிடாமல், மக்கள் எதைச் செய்தார்கள் என்பதைக் காட்ட வேண்டும். கனடா மக்கள் தொடர்புச் சங்கம் 1948-ல் தொடங்கப்பட்டது. மாணவர்களும் அதில் உறுப்பினராகலாம். வகுப்பு தொடங்கிய உடனே சேர்ந்துவிடுங்கள், அறிமுகங்கள் அங்கேதான் கிடைக்கும்.

இதழியலில் வேலைவாய்ப்பு எப்படி என்பதை நான் இனிப்புப் பூசாமல் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் மெட்ரோலேண்ட் நிறுவனம் 70-க்கும் மேற்பட்ட உள்ளூர் வார இதழ்களின் அச்சை நிறுத்தியது, 605 பேர் வேலை இழந்தார்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஸ்கார்பரோ மிரரும் அந்த இதழ்களில் ஒன்று. 2024 பிப்ரவரியில், தொலைத்தொடர்போடு செய்தி ஊடகங்களையும் நடத்தும் பெல் குழுமம் 4,800 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2023 ஆகஸ்டில், செய்திகளுக்காகப் பத்திரிகைகளுக்கு இணைய நிறுவனங்கள் பணம் தர வேண்டும் என்ற இணையச் செய்திச் சட்டத்தை எதிர்த்து ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கனடாவில் செய்திகளே தெரியாதபடி மெட்டா நிறுவனம் தடுத்துவிட்டது. சிறு பத்திரிகைகளுக்கு வாசகர் வந்துகொண்டிருந்த வாசல் அதோடு அடைபட்டது. இதைப் படித்தபோது எனக்கு உங்கள் ஊர்தான் நினைவுக்கு வந்தது. 1908-ல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய் 'இந்தியா' வார இதழை நடத்திய பாரதிக்கு அச்சகம் இருந்தது, எழுதக் கை இருந்தது. ஆனால் அதன் வாசகர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். அங்கே இதழ் நுழையத் தடை வந்ததும் 1910-ல் அது நின்றுபோனது.

இவ்வளவுக்குப் பிறகும் இதழியல்தான் வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால், நான் தடுக்க மாட்டேன். எங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கடினமான கேள்வி கேட்பவர்கள் குறைந்துகொண்டே போவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. அங்கே நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது சட்டம். குற்ற வழக்கில் சிக்கிய சிறாரின் பெயரை இங்கே வெளியிடக் கூடாது. ஜாமீன் விசாரணையில் சொல்லப்பட்டவற்றை வெளியிட நீதிமன்றம் தடை போட முடியும். அவதூறு வழக்குகளில், பொதுநலன் சார்ந்த செய்தியைப் பொறுப்போடு விசாரித்து எழுதியவருக்குக் கனடா உச்ச நீதிமன்றம் 2009-ல் ஒரு பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. அதை நன்றாகப் படித்துவிடுங்கள். தகவல் உரிமை மனு உங்களுக்குப் பழகியதாக இருக்கும். ஊரில் 10 ரூபாய், இங்கே மத்திய அரசிடம் கேட்க 5 டாலர். இரண்டிலும் கெடு 30 நாள் என்றுதான் சட்டம் சொல்கிறது.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். உச்சரிப்புக்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. ஒரு பெயரைத் தவறாக எழுதினால் மட்டும், கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் பல ஆசிரியர்கள் மன்னிப்பதில்லை. எதிரே இருப்பவர் முதலமைச்சரானாலும் துப்புரவுத் தொழிலாளியானாலும், பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டுக்கும் நிறுத்தக்குறிக்கும் கனேடியன் பிரஸ் நடைக்கையேட்டைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். பிரிட்டிஷ் வழக்கும் அமெரிக்க வழக்கும் கலந்திருப்பதால் ஊரில் படித்த ஆங்கிலம் சில இடங்களில் இடறும். உண்மையில் கடினமானது தொலைபேசிதான். முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டு இரண்டு நிமிடத்தில் விஷயத்துக்கு வர வேண்டும். நலம் விசாரித்து, ஊர் கேட்டு, மெல்ல நெருங்கும் நம் வழக்கத்துக்கு இங்கே பொறுமை கிடையாது.

உங்கள் தமிழ் நிச்சயம் வேலைக்கு உதவும். ஸ்கார்பரோவின் தமிழர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர். அவர்கள் பேச்சைக் கொஞ்ச நாள் காது கொடுத்துக் கேட்டுப் பழகுங்கள். ஒன்டாரியோ மாகாணம் 2014-லும் கனடா நாடாளுமன்றம் 2016-லும் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்றன. அந்த மாதம் நெருங்கும்போது நகராட்சியும் நூலகமும் பள்ளி வாரியமும் நம் மொழியும் மக்களும் தெரிந்தவர்களைத் தேடும். தன்னார்வலராக உள்ளே நுழைய அது நல்ல சமயம்.

உங்களுக்குப் பொருந்தாத, ஆனால் ஊரில் உள்ள தோழிகள் கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல், மாணவர் அனுமதிக்குப் புதிதாக விண்ணப்பித்து இங்கே கல்லூரிப் பட்டயமோ சான்றிதழோ படிப்பவர்களுக்கு, அரசின் பட்டியலில் உள்ள துறையாக இருந்தால்தான் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடைக்கும். இதழியலும் மக்கள் தொடர்பும் அந்தப் பட்டியலில் இல்லை. முகவர் என்ன உறுதி கொடுத்தாலும், நிலத்தை அடகு வைக்கும் முன் கனடா குடிவரவுத் துறையின் தளத்தை அவர்கள் தாங்களே திறந்து பார்க்கட்டும்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை. நீங்கள் எழுதிய செய்திகளின் நறுக்குகளைத் தேதி தெரியும்படி படமெடுத்து அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் பேசுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டால் அவை திரும்பக் கிடைக்காது. பெயரில்லாமல் வெளிவந்த செய்திகளுக்கு, உங்கள் புதுச்சேரி அலுவலகப் பொறுப்பாளரிடம் கடிதம் வாங்குங்கள். உங்கள் செய்திகளில் மூன்றை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் போதும், மூன்றும் ஒரே வகையாக இருக்க வேண்டாம். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.