ஃபைப்ராய்டு இருந்தால் என்.ஐ.பி.டி. முடிவு குழம்புமா?

கேள்வி: 11 வாரக் கர்ப்பம். கர்ப்பப்பையில் 7 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி. என்.ஐ.பி.டி. (தாயின் ரத்தத்தை வைத்துக் கருவின் குரோமோசோம் கோளாறுகளைத் தேடும் சோதனை) ரிப்போர்ட்டில் பல குரோமோசோம்களில் குறை என்று வந்திருக்கிறது. கருவைக் கலைத்துவிடச் சொல்கிறார்கள் வீட்டில்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இந்த ஒரு காகிதத்தை வைத்துக் கலைக்கவே கூடாது, அம்மா. என்.ஐ.பி.டி. நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல, சந்தேகத்தை மட்டும் சலித்துக் காட்டும் சல்லடைதான். உங்கள் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளை அது எண்ணுகிறது. அவற்றில் பெரும்பகுதி உங்களுடையது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. ஃபைப்ராய்டும் தன் டி.என்.ஏ.வை ரத்தத்தில் உதிர்க்கும். சில கட்டிகளின் செல்களில் குரோமோசோம் துண்டுகள் கூடியோ குறைந்தோ இருக்கும். எது கட்டியினுடையது, எது நஞ்சுக்கொடியினுடையது என்று சாதாரண என்.ஐ.பி.டி.யால் பிரிக்க முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்களில் கோளாறு காட்டினால் கட்டியின் மேல் சந்தேகம் வருவது இதனால்தான்.

ரத்தம் கொடுத்தபோது கட்டியைப் பற்றிச் சொன்னீர்களா? இல்லையென்றால், ஸ்கேன் ரிப்போர்ட்டுடன் இப்போதே ஆய்வகத்துக்குத் தெரிவியுங்கள்.

11 முதல் 13 வாரம் 6 நாளுக்குள் என்.டி. ஸ்கேன் (கருவின் பின்கழுத்தில் சேரும் நீரின் தடிமனை அளப்பது) எடுங்கள். 15 வாரம் முடிந்ததும் பனிக்குட நீர் சோதனை செய்யலாம். குழந்தையின் செல்களையே பார்ப்பதால் பதில் தெளிவாகக் கிடைக்கும். அதுவும் இயல்பாக இருந்தால் முதல் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அரிதாக, தாயிடம் மறைந்திருக்கும் புற்றுநோயும் இப்படிக் காட்டும். மரபணு ஆலோசகரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.