கனவு அணியில் மக்கலேலே

அன்புள்ள ஐயா,

கொழும்புக் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், வீடு கொட்டாஞ்சேனையில். உங்கள் கதைகளை விடாமல் வாசிப்பவன். ஆனால் இந்தக் கடிதம் கதையைப் பற்றியது அல்ல. இடைக்கிடை நீங்கள் உதைபந்தாட்டம் பற்றியும் எழுதுவதால் கேட்கத் துணிந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஆறு பேர் ஒரு விளையாட்டுத் தொடங்கினோம். எந்தக் காலத்தில் விளையாடியவராக இருந்தாலும் சரி, ஆளுக்கொரு கனவு அணி போடவேண்டும். விலை, புள்ளி, நாடு என்று ஒரு கட்டுப்பாடும் இல்லை. பிறகு யாருடைய அணி யாருடையதை வெல்லும் என்று சண்டை பிடிக்க வேண்டியதுதான். என் அணி: யாஷின், கஃபு, பெக்கன்பவர், மல்டினி, ரொபேர்ட்டோ கார்லோஸ், மரடோனா, ஸிடான், பெலே, கரிஞ்சா, பிரேசிலின் ரொனால்டோ, மெஸ்ஸி.

எங்கள் கணக்காளர் குருநகர்க்காரர், ஐம்பது தாண்டியவர். தன் அணியில் மக்கலேலேயைப் போட்டிருந்தார், பின்களத்துக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுப்பதே வேலையான பிரெஞ்சுக்காரர். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. என் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாரும் பல்லக்கில ஏறினா தூக்கிறது ஆர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்.

இவர்களிடம் பந்து போனால் திரும்பி வராது, எதிரணிக்குப் பந்தே கிடைக்காதபோது தடுக்க ஆள் எதற்கு என்பது என் வாதம். 1970இல் பிரேசில் பெலே, டொஸ்டாவோ, ஜெர்சன், ரிவெலினோ, ஜைர்சின்ஹோ ஐவரையும் ஒன்றாக இறக்கித்தானே உலகக் கிண்ணம் வென்றது? பெலேயும் மரடோனாவும் நிற்கும் இடத்தில் மக்கலேலேக்கு என்ன வேலை? நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

ர.,
கொட்டாஞ்சேனை

அன்புள்ள ர.,

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கணக்காளர் பக்கம். முழுக்க அல்ல, முக்கால்வாசி.

உங்கள் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், இவருக்குப் பந்து காலில் இருக்கவேண்டுமா, இல்லாமலும் சந்தோஷமாக இருப்பாரா என்று குறித்துப் பார்த்தேன். மரடோனா, ஸிடான், பெலே, கரிஞ்சா, மெஸ்ஸி ஐவருக்கும் பந்து வேண்டும். ரொனால்டோவுக்கு வேண்டும், அதுவும் ஓடும்போதே வேண்டும். பெக்கன்பவர் பின்னாலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நடுமைதானம் தாண்டிப் போகிறவர். கஃபுவும் ரொபேர்ட்டோ கார்லோஸும் ஓரத்தில் ஏறினால் எதிரணியின் கோர்னர் கொடியைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். ஆக யாஷினைத் தவிர்த்தால் வீட்டில் நிற்பது மல்டினி ஒருவர்தான். பாவம் மனிதர், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கவேண்டியதுதான்.

1970 பற்றிச் சொன்னீர்கள். நல்ல உதாரணம், ஆனால் அது எனக்குத்தான் உதவுகிறது. இத்தாலியுடனான இறுதியாட்டத்தில் பிரேசில் போட்ட நான்காவது கோலை, கார்லோஸ் அல்பேர்ட்டோ ஓடிவந்து அடித்த அதை, எல்லாரும் கடைசிப் பத்து வினாடி மட்டும் பார்க்கிறோம். இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் முன்னாலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள். அந்தக் கோல், முன்கள வீரரான டொஸ்டாவோ தன்னுடைய பின்களம்வரை துரத்தி வந்து பந்தைப் பறிப்பதில் தொடங்குகிறது. நேரம் 86ஆவது நிமிடத்தை நெருங்குகிறது. பிரேசில் 3-1 முன்னிலை. துரத்தாமல் இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அப்புறம் கிளோடோவால்டோ தன் பாதியிலேயே நான்கு இத்தாலியர்களை ஏய்த்துவிட்டு ரிவெலினோவிடம் கொடுக்கிறார். பந்து ஜைர்சின்ஹோவுக்குப் போகிறது. அவர் வலது பக்கத்து ஆள், ஆனால் அந்த நேரம் இடது பக்கத்தில் நிற்கிறார். தன்னைக் காவல் காத்த ஃபக்கெட்டியையும் கூடவே இழுத்து வந்திருக்கிறார். அதனால்தான் வலது பக்கம் ஒரு பஸ் திரும்பும் அளவுக்கு வெறுமையாகக் கிடந்தது. பெலே திரும்பிக்கூடப் பார்க்காமல் அங்கே உருட்டிவிட்டார்.

அந்த அணியில் கிளோடோவால்டோவுக்கு வயது 20. உங்கள் ஐவருக்கும் பின்னால் நின்று இடைவெளி அடைத்தவர் அவர்தான். வழக்கத்தில் மத்தியகள வீரரான பியாஸாவைப் பின்களத்தின் நடுவில் நிறுத்தினார்கள். வலது பின்களத்திலிருந்து கார்லோஸ் அல்பேர்ட்டோ மேலே போகும்போதெல்லாம் இடது பின்களத்தில் எவரால்டோ போகாமல் நின்றார். எவரால்டோவைக் கனவு அணியில் போடுபவரை நான் இதுவரை காணவில்லை. ஆனால் அவருடைய கழகமான கிரேமியோவின் கொடியில் இருக்கும் தங்க நட்சத்திரம் அவருக்காகத்தான். ஐந்து பேர் ஆடினார்கள் என்றால், ஆடவிட்டவர்களும் அதே மைதானத்தில்தான் இருந்தார்கள்.

நியாயத்துக்காக இதையும் சொல்லவேண்டும்: அந்த ஆட்டத்தில் இத்தாலி போட்ட ஒரே கோல், கிளோடோவால்டோ தன் பாதியில் தேவையில்லாமல் குதிகாலால் தட்டியதால் வந்தது. தூக்குபவனுக்கும் சில நேரம் பல்லக்கில் ஏறிப்பார்க்க ஆசை வரும்.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் வந்த அறிவு அல்ல. சின்ன வயதில் அப்பா என்னைக் கொம்பனித்தெரு சிற்றி லீக் மைதானத்துக்குக் கூட்டிப்போவார். எல்லாரும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க ஓட, இவர் மட்டும் தனக்குப் பிடித்த அணியின் கோலுக்குப் பின்னால் போய் உட்காருவார். கோல் விழுவது எல்லாம் மறுபக்கத்தில். கச்சான் சரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழாக்குறையாக இருப்பேன். ஏன் இங்கே இருக்கிறோம் என்று ஒருநாள் கேட்டேன். "முன்னுக்கு நடக்கிறதை நாளைக்குப் பேப்பரில வாசிக்கலாம். பின்னுக்கு நடக்கிறதைப் பேப்பர்காரன் எழுதமாட்டான்" என்றார். இடைவேளை முடிந்ததும் எழுந்து, பக்கம் மாறிய அணியின் பின்னாலேயே மைதானத்தைச் சுற்றி மற்றக் கோலுக்கு நடப்பார். நானும் பின்னால் நடப்பேன்.

பிறகு பாடசாலை அணியில் எனக்குக் கிடைத்தது இடது பின்களம். இடது கால்காரன் என்பதால் அல்ல, வேறு யாரும் அங்கே போக விரும்பாததால். மல்டினியும் வலது கால்காரர்தான் என்று பின்னாளில் அறிந்தபோது எனக்கு வந்த பெருமையை வெளியில் சொன்னால் வெட்கம்.

சரி, உங்கள் மற்ற வாதத்துக்கு வருகிறேன்: பந்து எதிரணியிடம் போகாது என்கிறீர்கள். போகும். 1982 உலகக் கிண்ணத்தில் பிரேசிலின் மத்தியகளத்தில் ஸீகோ, சோக்ரடீஸ், ஃபல்காவோ, செரேஸோ. அரையிறுதிக்குப் போக இத்தாலியுடன் சமநிலை போதும். செரேஸோ தன் பின்களத்துக்கு முன்னால் அலட்சியமாகக் குறுக்கே தட்டிய பந்தை ரொஸ்ஸி எடுத்துக்கொண்டு போய் அடித்தார், அது இத்தாலியின் இரண்டாவது கோல். 68ஆவது நிமிடத்தில் ஃபல்காவோ 2-2 ஆக்கினார். அத்தோடு நின்றிருக்கலாம். ஆறு நிமிடத்தில் ரொஸ்ஸியின் மூன்றாவது கோல், பிரேசில் வீட்டுக்கு. அந்த மூன்றாவது ஒரு கோர்னரிலிருந்து வந்தது, அதற்கும் மத்தியகளத்துக்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதற்கு என்ன சொல்வீர்கள்?

மக்கலேலேயின் கதை உங்கள் கணக்காளருக்குத் தெரியும், அதனால்தான் அவர் சிரிக்கவில்லை. ரியல் மட்ரிட் 2000இலிருந்து வருடத்துக்கு ஒரு நட்சத்திரமாக வாங்கியது: ஃபிகோ, ஸிடான், ரொனால்டோ. 2003இல் பெக்காம் வந்தார், அதே ஆண்டில் மக்கலேலேயை செல்சிக்கு விற்றார்கள். அந்த ஆண்டு ஸ்பானிய லீக்கை வென்றிருந்த ரியல் மட்ரிட், அடுத்த பருவத்தில் நான்காம் இடம். மீண்டும் லீக்கை வென்றது 2007இல். பயிற்சியாளர் டெல் பொஸ்கேயையும் அதே நேரத்தில்தான் அனுப்பினார்கள், ஆகவே எல்லாவற்றையும் மக்கலேலேயின் தலையில் கட்டமுடியாது. ஆனால் செல்சி 2004-05 பருவத்தில் 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 15தான். இங்கிலாந்தில் பின்களத்துக்கு முன்னால் நிற்கும் அந்த இடத்துக்கே அவருடைய பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அப்படியென்றால் அவரை எடுக்கவேண்டியதுதானே? இங்கேதான் அந்தக் கால்வாசி. எல்லாக் காலத்திலும் இருந்து பொறுக்க அனுமதி இருக்கும்போது, அதே வேலையைச் செய்து, மேலே போய்க் கோலும் போடக்கூடிய ஒருவர் இருந்தால் அவரைத்தான் எடுப்பேன். நெதர்லாந்தின் ரைகார்ட். மிலான் கழகத்தில் பின்களத்துக்கு முன்னால் நின்றார், தேவைப்பட்டால் பின்களத்திலும் நிற்பார், 1990இல் கழகங்களுக்கான ஐரோப்பியக் கிண்ண இறுதியில் பென்ஃபிகாவுக்கு எதிரான ஒரே கோலையும் அவரே போட்டார்.

அவர் பக்கத்தில் மேற்கு ஜேர்மனியின் மத்தேயுஸ். 1986 உலகக் கிண்ண இறுதியில் மரடோனாவை நிழல்போலத் தொடர்ந்தவர். கடைசியில் ஒரு கணம் போதுமாக இருந்தது, மரடோனா புருச்சாகாவுக்குத் தட்டிவிட்டார், ஆட்டம் 3-2. ஆனாலும் அந்தக் காவல் வேலையையும் செய்து, நான்கு வருடம் கழித்துத் தலைவராகக் கிண்ணத்தையும் தூக்கியவர்.

பின்களத்தில் பெக்கன்பவரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் மேலே போகும்போது பின்னால் ஒருவர் வேண்டும். பயேர்ன் கழகத்திலும் மேற்கு ஜேர்மனி அணியிலும் அந்த வேலையை ஷ்வார்சன்பெக் செய்தார். பெக்கன்பவரைப் பற்றிப் பேசும் ஆயிரம் பேரில் ஒருவருக்கு அவர் பெயர் தெரிந்தால் அதிகம். 1974 ஐரோப்பியக் கிண்ண இறுதியில் அத்லெத்திகோவிடம் தோற்றுக்கொண்டிருந்த பயேர்னை மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில் தூரத்திலிருந்து அடித்துக் காப்பாற்றியதும் அவர்தான். ஆட்டம் சமநிலையில் முடிந்ததால் மீண்டும் நடந்த இறுதியில் பயேர்ன் 4-0 வென்றது. அவரைப் போட்டால் உங்கள் அலுவலகத்தில் மேசை உடையும்வரை சிரிப்பார்கள் என்பதால் பிரான்ஸின் பின்கள வீரர் டெசாயியை எடுக்கிறேன். மல்டினி இடது பக்கம் போய் அங்கேயே நிற்பார். ரொபேர்ட்டோ கார்லோஸ் வெளியே. ஒரு பக்கம் பறக்கலாம், இரண்டு பக்கமும் பறந்தால் அது அணி அல்ல, புறாக்கூடு.

வலது பக்கத்தில் பறப்பவர் கஃபு. அவருக்கு முன்னால் கரிஞ்சாவை நிறுத்தினால் இருவருக்கும் ஓரக்கோடு வேண்டும், இடித்துக்கொள்வார்கள். மெஸ்ஸியை நிறுத்தினால் அவர் இடது காலோடு உள்ளே வருவார், ஓரம் கஃபுவுக்கு. பார்சிலோனாவில் டானி அல்வெஸ் ஓடிய அதே பாதை. மெஸ்ஸி உள்ளே வந்தபின் மரடோனா எங்கே நிற்பார்? இருவரும் ஒரே சதுர அடிக்குச் சொந்தக்காரர்கள். மரடோனாவை எடுத்தால் 1986இல் ஆர்ஜென்டினாவின் பயிற்சியாளர் பிலார்டோ செய்ததுபோல மொத்த அணியையும் அவரைச் சுற்றியே கட்டவேண்டும், அப்போது மெஸ்ஸி வேண்டாம். மெஸ்ஸியை எடுத்தால் மரடோனா வேண்டாம். 1986 என் இளமையின் உலகக் கிண்ணம், இதை எழுதும்போது கை கூசுகிறது. 2022 டிசம்பர் 18, இரவு எட்டரைக்கு இறுதியாட்டம் தொடங்கியது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையே தொலைக்காட்சிக்கு முன்னால்தான். அன்று 35 வயது மெஸ்ஸி பாதி நேரம் நடந்தார். டி போல், என்ஸோ பெர்னாண்டஸ், மக் அலிஸ்டர் மூவரும் அவருக்காக ஓடினார்கள். அந்த மூவருக்குப் பதில் என்னிடம் ரைகார்ட்டும் மத்தேயுஸும் இருக்கிறார்கள், அதனால் மெஸ்ஸி.

பெலேயைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: எந்தக் காலத்துச் சட்டத்தில் விளையாடுகிறீர்கள் என்று உங்கள் ஆறு பேரும் முதலில் முடிவு செய்யுங்கள். 1966இல் அவரை உதைத்தே வெளியேற்றினார்கள். போர்த்துக்கலுடனான ஆட்டத்தில் மாற்று வீரரை இறக்கவும் முடியாது, நொண்டிக்கொண்டே நின்றார். உலகக் கிண்ணத்தில் மாற்று வீரரும் மஞ்சள், சிவப்பு அட்டைகளும் வந்தது 1970இல்தான். யாஷினுக்கு மறுபக்கமான சிக்கல்: 1992க்குப் பிறகு தன் ஆள் காலால் பின்னுக்குத் தட்டும் பந்தைக் கையால் எடுக்கமுடியாது. ஆனாலும் கோலை விட்டு வெளியே வந்து விளையாடியவர், பழகிக்கொள்வார்.

நடு முன்களத்தில் உங்கள் ரொனால்டோவை விட கேர்ட் முல்லர். மேற்கு ஜேர்மனிக்கு 62 ஆட்டங்களில் 68 கோல். பெலேயும் மெஸ்ஸியும் இருக்கும் அணியில் பந்தை அதிகம் கேட்காத ஒருவர் வேண்டும். முல்லருக்கு ஆட்டத்தில் நான்கு தடவை பந்து வந்தால் போதும், அதிலும் மூன்று காலில் பட்டுத் தெறித்தவையாக இருக்கலாம்.

மிச்சம் இடது பக்கம். இங்கே ஸகாலோ. சிரிக்காதீர்கள். 1958இல் கரிஞ்சா வலது பக்கத்தில் தன் விருப்பப்படி ஆடியபோது, இடது ஓரத்தில் நின்றவர் ஒவ்வொரு தடவையும் மத்தியகளத்துக்கு இறங்கிவந்து இடைவெளியை அடைத்தார். இறுதியாட்டத்தில் ஒரு கோலும் போட்டார். 1962இலும் அவர் இருந்தார். நீங்கள் உதாரணம் காட்டிய அந்த 1970 அணிக்குப் பயிற்சியாளரும் அவரே. உங்கள் ஐவரையும் ஒன்றாக இறக்கத் துணிந்தவர், பந்து இல்லாதபோது என்ன செய்யவேண்டும் என்று பன்னிரண்டு வருடம் முன்பே தன் காலால் செய்து பார்த்தவர்.

கிறிஸ்டியானோ எங்கே என்று இனிப் பத்துக் கடிதம் வரும். வரட்டும்.

உங்கள் ஆறு பேரின் அணிகளையும் அலுவலகத்தில் வாக்கெடுப்புக்கு விட்டால் நீங்கள்தான் வெல்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் பட்டியலை வாசிக்கும்போதே விசில் அடிக்கத் தோன்றுகிறது. கணக்காளரிடம் என் வணக்கத்தைச் சொல்லி, பாடசாலையில் அவர் எந்த இடத்தில் விளையாடினார் என்று கேட்டு எழுதுங்கள். இடது பின்களம் என்று ஒரு சோற்றுப் பார்சல் பந்தயம் கட்டுகிறேன்.