ஒரு ஷெயார் பத்தானால்: கேட்டவர்களுக்குப் பதில்

ஷெயார் பிரிப்பு பற்றிக் கேள்விகள் இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் புரோக்கர் இல்லை. கொழும்புப் பங்குச் சந்தையில் இருபது வருடமாகச் சின்ன அளவில் வாங்கி விற்று, சில தடவை கையைச் சுட்டுக்கொண்ட ஒரு மட்டக்களப்பான், அவ்வளவுதான்.

களுவாஞ்சிக்குடி: அண்ணை, என்னுடைய கொம்பனி ஒரு ஷெயாரைப் பத்தாக்கப் போகுதாம். 200 இருந்தது 2,000 ஆகும். எனக்கு லாபம்தானே?

தம்பி, படுவான்கரையில் உங்களுக்கு ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறது. குறுக்கே வரம்பு கட்டிப் பத்துத் துண்டாக்கினால் பெரும்போகத்தில் நெல் மூடை கூடுமா? 500 ரூபாய்ப்படி 200 ஷெயார் ஒரு லட்சம். 50 ரூபாய்ப்படி 2,000 ஷெயாரும் அதே ஒரு லட்சம். தொழிற்சாலையின் இயந்திரம், ஓடர், கடன் எதுவும் அசையவில்லை.

தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து வடிகட்டிகளுக்கான கார்பன் செய்யும் ஹேகார்ப் 2021இல் ஒன்றைப் பத்தாக்கியது. 2 கோடி 97 லட்சமாக இருந்த பங்குகள் 29 கோடி 71 லட்சமாயின. அதற்காக ஒரு சிரட்டைகூடக் கூடுதலாக எரியவில்லை. அதே குழுமத்தில் றப்பர் கையுறை செய்யும் டிப்ட் ப்ரொடக்ட்ஸும் அந்த வருடம் அப்படியே பிரித்தது. அந்தக் காலத்தில் கையுறைக் கொம்பனிகள் உழைத்ததற்குக் காரணம் கொரோனா. புகழைப் பிரிப்புக்குக் கொடுக்கிறவர்களை இன்றைக்கும் சந்திக்கிறேன்.

ஏறாவூர்: காக்கா, யூடியூபில் "முகமதிப்பு 10 ரூபாய் 1 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். நம்முடைய ஷெயாரில் அது எங்கே இருக்கு?

இல்லை, தேடாதீர்கள். நீங்கள் பார்ப்பது தமிழ்நாட்டு வீடியோ. இந்தியாவில் ஒவ்வொரு பங்குக்கும், சந்தை விலை எதுவானாலும், கொம்பனி குறித்து வைத்த ஒரு பெறுமதி உண்டு. அவர்கள் முகமதிப்பு என்பதும் நாம் முகப்பெறுமதி என்பதும் அதுதான். பிரிக்கும்போது அதைக் குறைப்பார்கள். நமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் முகப்பெறுமதியையே எடுத்துவிட்டது. இங்கே பங்குகளின் எண்ணிக்கை மட்டும் கூடும், கொம்பனியின் கூறப்பட்ட மூலதனம், அதாவது பங்குகளுக்காகக் கொம்பனிக்கு வந்த பணம், அப்படியே நிற்கும். அங்கே பங்கிலாபத்தை, அதாவது லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுப்பதை, முகப்பெறுமதியில் இத்தனை சதவீதம் என்றும் அறிவிப்பார்கள். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டால் குழப்பம்தான்.

செங்கலடி: காலையில் அப்பைத் திறந்தால் விலை 90 சதவீதம் விழுந்து கிடக்கு. விற்கட்டுமா?

பொறுங்கள்! விலை உடனே மாறிவிடும், புதிய பங்குகள் உங்கள் சீடீஎஸ் கணக்கில் (உங்கள் பங்குகள் மின்பதிவாக இருக்கும் கணக்கு) ஏற ஒன்றிரண்டு நாள் பிந்தலாம். எனக்கும் ஒரு முறை நடந்தது. எண்ணிக்கை சரியாக ஏறியது, ஆனால் புரோக்கர் அனுப்பிய அறிக்கையில் நான் வாங்கிய சராசரி விலை பழையபடியே நின்றது. ஆஸ்தியில் பெரும்பகுதி போய்விட்டதாகக் காட்டியது. போன் எடுத்துச் சொன்ன பிறகு திருத்தினார்கள். நீங்கள் வாங்கிய விலையையும் பத்தால் வகுத்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கல்முனை: போன வருடம் ஒரு ஷெயாருக்கு 20 ரூபாய் பங்கிலாபம். இந்த வருடம் இரண்டரை ரூபாய். ஏமாற்றுகிறார்களா?

நடுவில் பத்தாகப் பிரித்திருந்தால் இரண்டரையைப் பத்தால் பெருக்குங்கள். 25 ரூபாய், கூடியிருக்கிறது. ஆண்டறிக்கையில் பங்கொன்றுக்கான உழைப்பை, அதாவது ஒரு பங்குக்கு எவ்வளவு லாபம் என்பதைப் பாருங்கள். பிரிப்பு நடந்தால் பழைய வருட எண்ணையும் புதிய எண்ணிக்கைக்கு மாற்றி எழுத வேண்டும் என்பது கணக்கீட்டு நியமம். ஆனால் பழைய பத்திரிகைத் துண்டை வைத்து ஒப்பிட்டால் தலை சுற்றும். பங்கிலாபத்தில் 15 சதவீத வரி கழித்துத்தான் கைக்கு வரும். பிரிப்பினால் வரும் பங்குகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

வாழைச்சேனை: எங்கள் கடதாசி ஆலையின் ஷெயார் வாங்கலாமா?

அது அரசுடையது, சந்தையில் இல்லை.

அக்கரைப்பற்று: பிரிப்பு, போனஸ், உரிமை வழங்கல் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் பலர் காசு இழந்து விடை படித்தார்கள். பிரிப்பில் இருப்பதையே துண்டாக்குகிறார்கள். போனஸில் கொம்பனியின் ஒதுக்கத்தில், அதாவது பிரித்துக் கொடுக்காமல் சேர்த்து வைத்ததில், உள்ள பணத்தை மூலதனமாக மாற்றி அதற்குப் பங்கு தருகிறார்கள். உங்கள் கையில் வருவது பிரிப்புப் போலத்தான், கொம்பனியின் ஐந்தொகையில் (சொத்து, கடன், மூலதனம் காட்டும் கணக்கு) மட்டும் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நகரும். உரிமை வழங்கல் முற்றிலும் வேறு. அங்கே புதிய பங்குகளை வாங்கும் உரிமையைத்தான் தருகிறார்கள், வாங்க நீங்கள் காசு கட்ட வேண்டும். கட்டாமலும் உரிமையை விற்காமலும் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு இருந்தால் கொம்பனியில் உங்கள் பங்கு வீதம் குறைந்துவிடும். ஆங்கிலத்தில் நீளமாக வரும் கடிதம் எதுவானாலும், கடைசித் திகதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆரையம்பதி: 2,000 ஷெயார் என்றால் கூட்டத்தில் 2,000 வாக்கு. பலம் கூடாதா?

பெரிய முதலாளியின் வாக்கும் பத்து மடங்காகிவிட்டதே, தங்கச்சி. திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சிமெந்து போன்ற சில கொம்பனிகளில் வாக்குரிமை இல்லாத பங்கும் உண்டு. அதைப் பத்தாக்கினால் வாக்கில்லாத பத்துத்தான்.

காத்தான்குடி: சக்காத் கணக்கு மாறுமா?

பெறுமதி மாறாததால் எண்ணிக்கைக்காக மாற இடமில்லை. எந்தப் பெறுமதியில் பார்ப்பது என்பதை மௌலவியிடம் கேளுங்கள்.

மட்டக்களப்பு நகர்: ஒன்றுமே மாறாதென்றால் ஏன் இவ்வளவு பாடு?

விலை கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தால் புதியவர்கள் வருவார்கள், கைமாறல் கூடும். விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இருப்பது சின்னப் பங்குதாரருக்கு உண்மையான நன்மை. ஆனால் கொழும்பில் ஒரே ஒரு ஷெயாரும் வாங்கலாம், தரகுக் கூலியும் பெறுமதிக்குத்தான், எண்ணிக்கைக்கு அல்ல. ஆகவே "ஏழைக்கு எட்டும் விலை" என்ற பேச்சை நான் பாதிதான் நம்புகிறேன். அளவுக்கு மீறித் துண்டாக்கினாலும் கரைச்சல்: 3 ரூபாய் ஷெயார் 10 சதம் அசைந்தாலே மூன்று சதவீதத்துக்கு மேல். இந்தியாவின் எம்ஆர்எஃப் டயர்க் கொம்பனி ஒரு தடவையும் பிரிக்கவில்லை, ஒரு ஷெயார் லட்சம் ரூபாயைத் தாண்டியது. டயர் விற்கத்தான் செய்கிறது.

திருக்கோவில்: அப்பா மோசம்போய்விட்டார். றங்குப்பெட்டியில் 300 பங்குக்கான பழைய சான்றிதழ் இருக்கு. பெறுமதி உண்டா?

இருக்கலாம், 300ஐவிடக் கூடவும் இருக்கலாம் மகள். எத்தனை பங்கு என்பதற்குக் கொம்பனியின் பங்குதாரர் பதிவேடுதான் கணக்கு. இடையில் பிரிப்போ போனஸோ நடந்திருந்தால் அது அப்பாவின் பெயரிலேயே ஏறியிருக்கும். சான்றிதழ் இலக்கத்தைக் குறிப்பிட்டுக் கொம்பனிச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மரண சான்றிதழின் பிரதியை வையுங்கள், மூலத்தை அனுப்ப வேண்டாம். அதே பெட்டியில் மாற்றாத பங்கிலாபக் காசோலைகள் கிடந்தால் அவற்றையும் எறிந்துவிடாதீர்கள். அந்தக் காசையும் சேர்த்துக் கேட்கலாம்.