நான்கு பணிப்பெண்களும் ஒரு நாற்காலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இஸ்ரேலில் ரெஹோவோத் நகரில் மனைவியோடும் குழந்தையோடும் தங்கி ஆய்வு செய்துவருகிறேன். மேல்மாடியில், வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை நீளும் 'ஷபாத்' என்ற ஓய்வுநாளை முறையாகக் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பம் இருக்கிறது. ஐந்து குழந்தைகள், தாய் செவிலியர். வெள்ளிக்கிழமைதான் தன் விடுமுறை என்பார். ஆனால் அன்று விடிந்ததிலிருந்து அங்கே பாத்திரச் சத்தம் ஓய்வதில்லை. மறுநாள் மின்தூக்கியின் பொத்தானைக்கூட அழுத்தக் கூடாதாம். இது மதம் பெண்ணின் தலையில் ஏற்றிய சுமை அல்லவா? இருந்தாலும் என் மனைவிக்கும் வாரம் ஒரு நாள் விடுப்பு கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. அன்று கைப்பேசியையும் அணைத்துவிடலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

மின்தூக்கிப் பொத்தானை விட்டுவிடுங்கள். ஓய்வுநாளை வெளியிலிருந்து பார்க்கும் எல்லோரும் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். கைப்பேசி உங்களுடையது, அணைப்பதற்கு என் அனுமதி எதற்கு? என்னைப் பதில் எழுத வைத்தது உங்கள் கடிதத்தில் இருக்கும் 'கொடுக்கலாம்' என்ற ஒரு சொல்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், ஜெருசலேமின் நஹ்லாவோத் பகுதியில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மாளுக்கு நான்கு குழந்தைகள், ஓர் அலுவலகத்தில் கணக்கர் வேலை. அங்கே வேலை வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளியன்று அவருக்கு அலுவலகம் கிடையாது, ஆனால் குழந்தைகளுக்கு நண்பகல் வரை பள்ளி உண்டு. ஆகவே, பிள்ளைகள் படியிறங்கிப் போவதற்கும் திரும்பி வருவதற்கும் இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மணி நேரத்தைத்தான் அவர் 'யோம் ஹோஃபெஷ்', அதாவது விடுமுறை நாள், என்று சொல்லிவந்தார். அந்த நான்கு மணி நேரத்தில், தோள் இடிக்கும் மஹனே யெஹுதா சந்தைக்குப் போய்வந்து, இரண்டு ஹலா ரொட்டிகளைப் பின்னிச் சுட்டு, கோழிச் சாறு வைத்து, தரையில் தண்ணீரைக் கொட்டி ரப்பர் தள்ளுகோலால் வழித்து, பயறும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த ஹமின் பானையை மறுநாள் மதியம்வரை சூடு காக்கும் பிளாட்டா என்ற மின்தட்டின் மேல் ஏற்றிவிடுவார். ஓய்வுநாளில் மின்விசையைத் தொடவோ காகிதம் கிழிக்கவோ கூடாது என்பதால், விளக்குகள் தாமே அணைய நேரவிசை வைக்க வேண்டும். குளிர்பெட்டியைத் திறந்தால் எரியும் விளக்கின் விசையில் ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். கழிவறைக் காகிதத்தைக்கூட முன்னதாகவே கிழித்து அடுக்க வேண்டும். சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கையில் அந்த ஊரில் சங்கு ஊதுவார்கள். டிசம்பரில் அது நான்கு மணியை ஒட்டியே ஊதிவிடும். ஈரத் தலையோடு ஓடிவந்து அவர் விளக்கேற்றியதை நான் ஒவ்வொரு வாரமும் பார்த்தேன்.

சுமைதான் என்று நீங்கள் சொல்வது இந்தப் பாதிக்குப் பொருந்தும். மறுபாதியை நீங்கள் பார்க்கவேயில்லை.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டநூலில், மனைவி செய்ய வேண்டிய வேலைகள் ஏழு என்று ஒரு பட்டியல் இருக்கிறது: மாவரைத்தல், ரொட்டி சுடுதல், துணி வெளுத்தல், சமைத்தல், குழந்தைக்குப் பாலூட்டல், படுக்கை விரித்தல், கம்பளி நூற்றல். அவள் ஒரு பணிப்பெண்ணோடு வந்திருந்தால் முதல் மூன்றும் அவளுக்கு இல்லை. இருவரோடு வந்தால் சமையலும் பாலூட்டலும் இல்லை. மூவர் என்றால் படுக்கையும் கம்பளியும் இல்லை. நால்வரோடு வந்தவள் நாற்காலியில் அமர்ந்துகொள்ளலாம். நூறு பணிப்பெண்களோடு வந்தாலும் அவளைக் கம்பளி நூற்க வைக்க வேண்டும், சும்மா இருந்தால் கெட்டுப்போவாள் என்று எலியேசர் என்ற ரபி, அதாவது யூத மதகுரு, அதே இடத்தில் குறுக்கிடுகிறார். அந்த ரபி எல்லா ஊரிலும் இருக்கிறார், அவரை விடுவோம். அதே மிஷ்னாவில் ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வேலைகளின் பட்டியலும் இருக்கிறது. அதில் முதல் 11 வேலைகள் விதைப்பில் தொடங்கி ரொட்டி சுடுவதில் முடிகின்றன. அடுத்த 13 வேலைகள் துணி தொடர்பானவை. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரைப்பது, சுடுவது, வெளுப்பது, சமைப்பது, நூற்பது என ஏழில் ஐந்து அன்று சட்டப்படியே இல்லை. பணிப்பெண்களோடு வர வசதியில்லாத ஏழை மனைவிக்கும் வாரம் ஒருமுறை நாற்காலி உண்டு, அதை அவளுக்குக் கணவன் கொடுக்கவில்லை. 'நீ உட்கார், நான் செய்கிறேன்' என்று யாராவது சொன்னால், எந்தத் தாயும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணெய் எங்கே, உப்பு எவ்வளவு என்று வேலைசெய்துகொண்டுதான் இருப்பாள். வேலையே விலக்கப்பட்ட வீட்டில் மட்டுமே அவளால் உட்கார முடிகிறது.

அந்தச் சட்டத்தை நான் பூசை அறையில் வைக்கவில்லை. பைபிளில் யாத்திராகமத்தின் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் யாருக்கெல்லாம் என்று வருகிறது: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். மாடு இருக்கிறது, மனைவி இல்லை. 'நீ' என்பதற்குள் அவளும் அடக்கம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இதை வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டபோது, "எழுதியவருக்கு மதியச் சாப்பாடு வேண்டியிருந்திருக்கும்" என்றார். சனிக்கிழமை மூன்று நட்சத்திரங்கள் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும், அந்தச் சாப்பாட்டின் பாத்திரங்கள் தொட்டியில் குவிந்திருக்கும். அன்றைக்கே தேவைப்படுவதைக் கழுவலாம், மறுநாளுக்காகக் கழுவக் கூடாது என்பது விதி. விடிந்தால் ஞாயிறு, அலுவலகம்.

ஆனால் சனிக்கிழமை பிற்பகல்களில் அவர் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளின் தடித்த வாரப் பதிப்பைப் படித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை மகள் அறுந்துபோன பொத்தானோடு வந்து நின்றாள். தைப்பது அந்த 39இல் ஒன்று. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் "ஷபாத்" என்று மட்டும் சொன்னார். சிறுமி மறுபேச்சின்றிப் போய்விட்டாள். எத்தனை தாய்மார்களால் அப்படி ஒரே சொல்லில் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியும்!

உங்கள் கேள்வி எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். மேல்மாடியின் பாத்திரச் சத்தத்தை வெள்ளிக்கிழமை விடியலிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் சமையலறையில் யார் நின்றிருந்தார் என்பதை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். முடிந்தால் அந்தக் கடிதத்தை உங்கள் மனைவியே எழுதட்டும்.